வேண்டுதல் இல்லாத நடை

ஸ்ரீபெரும்புதூரில் ஆதிகேசவப் பெருமாள். சிங்கப்பெருமாள் கோவிலில் நரசிம்மர். இடையே சுமார் 25 கிலோமீட்டர், நடுவழியில் வல்லக்கோட்டை முருகன். இவர்களை இணைத்துப் போகிற மாநில நெடுஞ்சாலை 57-இன் இருபுறமும்தான் கார், லாரி, புல்லட், டயர், மண் அள்ளும் இயந்திரம் எல்லாம் உருவாகின்றன. ஆறு வழிச் சாலை. விடியற்காலையிலிருந்தே கம்பெனி பஸ்கள் வரிசை கட்டும். புதுக் கார்களை இரண்டடுக்காக ஏற்றிக்கொண்டு நீளமான டிரெய்லர்கள் நகரும். இந்த வழியே எத்தனையோ பேர் எத்தனையோ முறை போயிருப்பார்கள். விடுமுறைக்கு இங்கே வந்து நடக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றியிருக்காது. எனக்கு அந்த யோசனை வந்தது அயர்லாந்தில்.

அங்கே அது ஒரு விடுமுறை வகை. வழிகாட்டி கிடையாது, கூட்டம் கிடையாது. கையில் வரைபடம், சட்டைப்பையில் அன்றிரவு தங்கவேண்டிய வீட்டின் முகவரி, முதுகில் மதியச் சாப்பாடு. பெரிய பெட்டியை ஒரு வேன்காரர் அடுத்த ஊரில் இறக்கிவைத்துவிடுவார். டப்ளினின் தென்கோடியில் மார்லே பூங்காவில் தொடங்கும் விக்லோ பாதை, மலையும் சதுப்பும் பள்ளத்தாக்குமாகச் சுமார் 130 கிலோமீட்டர் போகிறது. ஜே. பி. மலோன் என்ற நடைப்பிரியர் 1960களில் பத்திரிகையில் எழுதிவந்த யோசனை அது. 1980-இல் முதல் பகுதி திறந்தது. அடையாளம் நட்டு அமைத்த நெடுநடைப் பாதைகளில் அந்த நாட்டுக்கு அதுவே முதலாவது. திருப்பம் வரும் இடமெல்லாம் ஒரு கம்பம். அதில் மஞ்சள் நிறத்தில் நடக்கிற மனித உருவம், கூடவே அம்புக்குறி. சதுப்பில் கால் புதையாமலிருக்கப் பழைய ரயில் கட்டைகளைப் பரப்பியிருக்கிறார்கள். டே ஏரி கீழே தெரிகிற மலைச்சரிவில் மலோனுக்கு ஒரு நினைவுக்கல் உண்டு.

அந்தச் சரிவில் மழைக்கு ஒதுங்கி நின்றபோதுதான், வேலை நிமித்தமாகப் பஸ் ஜன்னல் வழியே மட்டும் பார்த்துப் பழகிய ஒரகடம் சாலை நினைவுக்கு வந்தது. அங்கேயும் குன்று உண்டு, ஏரி உண்டு, பழைய கோயில் உண்டு. மஞ்சள் மனிதன்தான் இல்லை. அவனுக்குப் பதிலாக, வருவாய்த் துறையின் கிராம வரைபட நகல்கள் சிலவற்றைச் சேர்த்துக்கொண்டேன். ஏரி, வாய்க்கால், களம், மேய்ச்சல் தரை, வண்டிப்பாதை எல்லாம் அவற்றில் புறம்போக்கு என்று பதிவாகியிருக்கும். நெடுஞ்சாலையை முடிந்தவரை விட்டு விலகி, ஏரிக்கரையும் வண்டிப்பாதையுமாகத் தெற்கே இறங்குவது திட்டம். தை மாதத்தில் புறப்பட்டேன்.

பெருமாள் ஊரிலிருந்து

விடியலில் ஆதிகேசவப் பெருமாள் கோயில் வாசல். ராமானுஜர் 1017-இல் பிறந்த ஊர் இது என்பது மரபு. அவர் வாழ்ந்த காலத்திலேயே செய்யப்பட்டதாகச் சொல்லப்படும் அவருடைய திருவுருவம் உள்ளே இருக்கிறது. தானுகந்த திருமேனி என்று அதற்குப் பெயர். நடையைப் பற்றிப் பேசப் புகுந்தால் அவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும். ரகசியார்த்தம் கேட்பதற்காகத் திருவரங்கத்திலிருந்து திருக்கோட்டியூருக்குப் பதினெட்டு முறை நடந்தார் என்று குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன. ஒரு வழிக்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர்.

வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா என் முதுகுப் பையைப் பார்த்தார்.

"எங்க, மேல்மருவத்தூரா?"

"இல்லம்மா, சிங்கப்பெருமாள் கோயில் வரைக்கும் நடந்து போறேன்."

"வேண்டுதலா?"

"வேண்டுதல் எல்லாம் இல்ல. சும்மாதான்."

அவர் பக்கத்துக் கடைப் பக்கம் திரும்பினார். "தோ பாருய்யா, இவரு சும்மா நடக்கறாராம்!"

வழி நெடுக இந்தக் கேள்வி வந்துகொண்டே இருந்தது. வேண்டுதலா, இல்லையென்றால் வண்டி ரிப்பேரா? நம்மூரில் நடப்பவர் இரண்டே வகை: சாமிக்கு நேர்ந்துகொண்டவர், வண்டி இல்லாதவர். இரண்டிலும் சேராத ஒருவர் நடந்தால் ஊருக்குச் சந்தேகம் வருகிறது. பைபாஸ் ஓரத்து டீக்கடையில் ஒருவர் என்னை நிலத் தரகர் என்றே முடிவுகட்டி, பிள்ளைப்பாக்கத்தில் இருக்கும் மனை ஒன்றின் விலையைச் சொன்னார்.

பெங்களூரு நெடுஞ்சாலை ஓரத்தில், 1991 மே 21 இரவு ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட இடத்தில் நினைவிடம் இருக்கிறது. வெளியூர்ச் சுற்றுலா பஸ்கள் அங்கே நின்று கிளம்புகின்றன. அந்தச் செய்தியால்தான் ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயரை உலகம் அன்றைக்குக் கேட்டது. சில ஆண்டுகளில் அதே பெயரைத் தொழில் பக்கங்களிலும் கேட்க ஆரம்பித்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1996-இல் கால் பதித்து 1998-இல் முதல் சான்ட்ரோவை வெளியே விட்டது. 2006-இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014-இல் மூடியது. கோயிலும் நினைவிடமும் அப்படியே இருக்க, ஆலைகளின் பெயர்ப்பலகைகள் மட்டும் மாறிக்கொண்டிருக்கின்றன.

ஏரிக்கரையில் ஒரு கடல்

ஊரைத் தாண்டி ஏரிக்கரையில் ஏறியதும் சாலையின் சத்தம் பாதியாகக் குறைந்தது. பழைய காஞ்சிபுரம் மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்பார்கள். கரை, மதகு, கலங்கல், வரத்துக்கால் என்று ஒன்றோடொன்று தொடுத்துவைத்த நீர்ச் சங்கிலி. ஸ்ரீபெரும்புதூர் ஏரியும் பிள்ளைப்பாக்கம் ஏரியும் நிரம்பினால் உபரிநீர் செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போகும். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்த நீர் அடையாற்றில் பாய்ந்து சென்னையை மூழ்கடித்தபோது, இந்தச் சங்கிலியின் மேல் கண்ணிகளைப் பற்றி நகரத்தில் அதிகம் பேர் யோசிக்கவில்லை. கரைமேல் நடந்தால் அது புரிந்துவிடும். ஒரு பக்கம் நீர், மறுபக்கம் முன்பு வயலாக இருந்த இடத்தில் கிடங்குகள். நீர் பாய வேண்டிய வயல் இல்லாமல் மதகு மட்டும் நிற்கிறது. நீர்க்காகங்கள் பட்டுப்போன கருவேல மரத்தில் சிறகு விரித்துக் காய்ந்துகொண்டிருந்தன. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் சொன்னார்: "தண்ணி நிக்குது தம்பி. குடிக்கத்தான் ஆளு இருக்கு, பயிரு வைக்க ஆளு இல்ல."

இந்தக் கரைக்கு அடியில் இன்னொரு கரை இருக்கிறது. புவியியலாளர்கள் ஸ்ரீபெரும்புதூர் படிவம் என்று பெயரிட்ட களிப்பாறையும் மணற்பாறையும் இந்த வட்டாரத்தில் பல இடங்களில் மண்ணுக்குக் கீழே கிடக்கின்றன. வயது பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் மேல். பெரணி வகைகளின் இலைத் தடங்களும், நத்தைபோல் சுருண்ட ஓடுடைய அம்மோனைட் என்ற கடலுயிரின் தடங்களும் இந்தப் படிவத்தில் கிடைத்திருக்கின்றன. கரையிலிருந்து இலை உதிர்ந்து விழும் தூரத்தில் கடல் இருந்திருக்கிறது. வைணவர் வீடுகளில் பூசையில் இருக்கும் சாளக்கிராமம், நேபாளத்தின் கண்டகி ஆற்றிலிருந்து வருகிற அம்மோனைட் புதைபடிவம்தான். அதன் உறவுக்காரர்கள் ராமானுஜர் பிறந்த ஊரின் நிலத்தடியிலும் உண்டு.

இந்தப் படிவத்தைப் பற்றி முதலில் விரிவாக எழுதியவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். பாலாற்றுக்கு வடக்கே உள்ள நிலத்தின் புவியியல் பற்றி அவர் எழுதிய நூல் 1873-இல் வந்தது. 1863 மே மாதம் பல்லாவரத்தில் கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்து இந்தியத் தொல்பழங்கால ஆய்வைத் தொடங்கிவைத்தவரும் அவரே. அதே ஆண்டு செப்டம்பரில் அத்திரம்பாக்கத்தில் இன்னும் பல கருவிகளைக் கண்டபோது அவருடன் இருந்தவர் வில்லியம் கிங். அயர்லாந்தின் கால்வே நகரக் கல்லூரியில் புவியியல் பேராசிரியராக இருந்த மூத்த வில்லியம் கிங்கின் மகன். நியாண்டர்தால் மனிதனைத் தனி இனமாகப் பிரித்து ஹோமோ நியாண்டர்தாலென்சிஸ் என்று பெயரிட்டவர் அந்தத் தந்தை. அவருடைய கட்டுரை அச்சானது 1864-இல். தந்தை ஐரோப்பிய மண்டையோட்டை அளந்துகொண்டிருந்த காலத்தில் மகன் கொற்றலையாற்றுப் படுகையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

இவர்களை வேலைக்கு வைத்திருந்த இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையை 1851 முதல் நடத்தியவர் தாமஸ் ஓல்டம். டப்ளின்காரர். விக்லோ கடற்கரையின் பிரே முனையில் அவர் கண்டுபிடித்த பழம்பெரும் புதைபடிவத்துக்கு ஓல்டமியா என்றே பெயர். பிரே முனையைச் சுற்றிப் போகும் பாறைவழி, விடுமுறை நடையாளர்கள் நெடுநாளாக விரும்பிப் போய்வந்த இடம். அயர்லாந்தின் மலையிலும் கரையிலும் சுத்தியலோடு அலைந்து பழகியவரின் கீழ் வேலைபார்த்தவர்கள்தான் நம் மண்ணையும் காலால் அளந்தார்கள். சுமை தூக்க ஆளும் மாட்டுவண்டியும் உடன்வர, முகாம் முகாமாக. அந்தக் கூலியாட்களின் பெயர்கள் ஆய்வேடுகளில் இல்லை.

சுவரில் முட்டும் வண்டிப்பாதை

ஏரி முடிந்ததும் வரைபடத்திலிருந்த வண்டிப்பாதையைப் பிடித்தேன். இரண்டு சக்கரத் தடம், நடுவே கோரைப் புல், ஓரத்தில் பனை. நன்றாகப் போய்க்கொண்டிருந்த பாதை ஒரு கம்பெனியின் காம்பவுண்டுச் சுவரில் போய் முட்டியது. அந்தப் பக்கம் எங்கோ அது தொடர்கிறது என்கிறது வரைபடம். சுவர் ஓரமாகவே சுற்றினேன். மேலே முள்கம்பிச் சுருள், கீழே மழைநீர்க் கால்வாய், அதன் சிமென்ட் மூடிகளில் பாதி இல்லை. கடைசியில் கொண்டுபோய் விட்ட இடம் நெடுஞ்சாலை. காவலாளி அஸ்ஸாம்காரர். நான் வழி தவறி வந்ததாக நினைத்து, தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

வல்லம் வடகால் சிப்காட் வளாகத்தில் ராயல் என்ஃபீல்டு 2017 முதல் மோட்டார் சைக்கிள் செய்கிறது. அதே வளாகத்தில் 2024 ஆகஸ்டில் திறந்த தொழிலாளர் குடியிருப்பில் 18,720 பேர் தங்கலாம். 706.5 கோடி ரூபாய்ச் செலவு. ஒரு பேரூராட்சியே அடுக்குமாடியாக எழுந்து நிற்கிறது. இதன் பின்னணியை இந்த வட்டாரம் மறக்காது. 2021 டிசம்பரில், ஐபோன் கோக்கும் ஆலையின் பெண் தொழிலாளர்கள் பலர் விடுதிச் சாப்பாட்டால் நோயுற்றபோது, அவர்களின் தோழிகள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து போக்குவரத்தை நிறுத்தினார்கள். வண்டிகளுக்காகவே போட்ட சாலையில் கால்கள் முந்திய நாள் அது.

ஷிப்ட் முடிந்து கழுத்தில் ஐடி கார்டோடு நடந்துவந்த இரண்டு பெண்களிடம் பேச்சுக் கொடுத்தேன். திருவண்ணாமலைப் பக்கம் ஒருத்தி, தென்காசிப் பக்கம் ஒருத்தி.

"ஸ்ரீபெரும்புதூர்லேர்ந்து நடந்தா வர்றீங்க? ஏன் சார்?"

"ஊரைப் பாக்கலாம்னுதான்."

தென்காசிப் பெண் சிரித்தாள். "நாங்க லைன்ல எட்டு மணி நேரம் நின்னுட்டே இருக்கோம் சார். லீவு கெடச்சா படுக்கத்தான் தோணும். ஊரு எங்க பாக்க!"

"வந்ததிலேர்ந்து வல்லக்கோட்டை கோயில் ஒண்ணுதான் பாத்துருக்கோம்" என்றாள் மற்றவள். "அதுவும் ஷேர் ஆட்டோல."

நடப்பதை விடுமுறையாகக் கொள்ள, மற்ற நாட்களில் நாற்காலி கிடைத்திருக்க வேண்டும். இதை அயர்லாந்து நடைப்புத்தகங்கள் எதுவும் சொல்வதில்லை.

வல்லக்கோட்டையில் மதிய வெயிலுக்குத் தங்கினேன். அருணகிரிநாதர் கோடைநகர் என்று பாடிய தலம். முருகன் ஏழடி உயரத்தில் நிற்கிறார். நிமிர்ந்துதான் பார்க்க வேண்டும். குளத்தங்கரை மரத்தடியில் சீருடையோடு பையன்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். புது பைக்குக்குப் பூசை போட ஒரு குடும்பம் வந்திருந்தது. வண்டியின் எலுமிச்சம்பழம் நசுங்கும் சத்தம் கேட்டுக் கைதட்டினார்கள்.

ஒரகடத்தில் ஓர் இரவு

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் நம் சாலையும் வெட்டிக்கொள்கிற இடம் ஒரகடம். மேலே மேம்பாலம். கீழே நடப்பவருக்கு எந்தப் பக்கமிருந்தும் நேராகக் குறுக்கே போக வழியில்லை. டிரெய்லர் ஓட்டுநர் கையைக் காட்டினால்தான் கடக்க முடியும். 2010-இல் ரெனோ–நிசான், அதே ஆண்டு அப்போலோ டயர்ஸ், 2012-இல் டைம்லர், 2013-இல் ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாக வந்து இறங்கிய ஊர். காரைச் சுவரில் மோதவிட்டு உள்ளிருக்கும் பொம்மைக்கு என்ன ஆகிறது என்று சோதிக்கும் மத்திய அரசின் வாகன ஆய்வு மையமும் இங்கேதான். காருக்குள் இருப்பவருக்காக இவ்வளவு யோசிக்கிற ஊரில், சாலையைக் கடக்க நின்ற எனக்கு ஒரு வெள்ளைக்கோடுகூட அகப்படவில்லை.

ஆனால் சாயங்கால ஒரகடம் நடக்கத் தகுந்த ஊர். ஷிப்ட் விட்டதும் சந்துகளில் ஜனம் இறங்குகிறது. ஒடியா, இந்தி, வங்காளி எழுத்தில் ரீசார்ஜ் கடைப் பலகைகள். பரோட்டாக் கல்லுக்கு எதிரே லிட்டி சுடும் அடுப்பு. கருவாடு விற்கும் கூடைக்காரம்மா "தஸ் ருப்யா, தஸ் ருப்யா" என்று கூவுகிறார். சலூனில் போஜ்பூரிப் பாட்டு. அயர்லாந்தில் நாள் நடை முடிந்தால் ஊர் மதுக்கடையில் உட்கார்ந்து பேச்சுக் கேட்பார்கள். இங்கே டீக்கடை பெஞ்சு அந்த வேலையைச் செய்கிறது. மூன்று கார் ஆலைகளின் கேன்டீன் சாம்பாரை ஒப்பிட்டு ஒரு விவாதம் நடந்தது. தீர்ப்பு வருவதற்குள் கடையை மூடிவிட்டார்கள். தங்கிய லாட்ஜில் அறைகள் ஷிப்ட் கணக்கில் வாடகைக்குப் போகின்றன. எனக்கு முன் படுத்தவர் கிளம்பிய சூடு மெத்தையில் இருந்தது.

காலையில் கொஞ்சம் விலகி வடக்குப்பட்டுக்குப் போனேன். 2022-இல் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்த ஊர். கற்கருவிகள், பழைய பானையோடுகள், கண்ணாடி மணிகள், ரோமானிய ஆம்போரா சாடிகளின் துண்டுகள் என்று ஒரே ஊரின் மண்ணில் பல காலங்கள் அடுக்கடுக்காகக் கிடைத்தன. மத்தியதரைக்கடல் சரக்கு வந்து இறங்கிய ஊருக்குப் பக்கத்தில் இன்று ஜப்பானிய, ஜெர்மானியக் கம்பெனிகளின் கிடங்குகள். ஏற்றுமதியும் இறக்குமதியும் இந்த வட்டாரத்துக்குப் புதிய தொழில் இல்லை. பள்ளிச் சிறுவன் ஒருவன் தானாகவே வந்து, "பழைய கல்லு பாக்க வந்தீங்களா?" என்று கேட்டு இடம் காட்டினான். இந்த நடை முழுவதும் எனக்கு வாய்த்த ஒரே வழிகாட்டி அவன்தான்.

புடவை உடுத்தும் பெருமாள்

ஒரகடத்துக்குத் தெற்கே சாலை மாறுகிறது. ஆலைகள் விலகி, புதர்க்காடு மூடிய குன்றுகள் நெருங்குகின்றன. ஆப்பூரில் ஔஷதகிரி. அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு போனபோது சிந்திய துண்டு என்பது ஊர்க் கதை. சுமார் ஐந்நூறு படிகள். மேலே நித்திய கல்யாண பிரசன்ன வேங்கடேசர், தாயார் தம்முள்ளேயே இருப்பதால் புடவை உடுத்தி நிற்கிறார். பக்தர்கள் சாத்துவதும் புடவைதான்.

மலைமேலிருந்து பார்த்தபோதுதான் நடந்துவந்த நிலம் ஒரே படமாக விரிந்தது. வடக்கே ஆலைக் கூரைகளின் வெள்ளை, புதுக் கார்கள் அணிவகுத்த மைதானங்கள். அவற்றுக்கு நடுவே வளைந்து வளைந்து ஏரிகள். தொழிற்பேட்டை நேர்க்கோட்டில் வரைந்தது. ஏரி மட்டும் நிலம் சாய்ந்த பக்கம் சாய்ந்து கிடக்கிறது. எந்த ஆலை பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது, எந்த வரத்துக்கால் சுவரோடு நின்றது, ஐப்பசி கார்த்திகையில் எந்தக் கேட் முன்னால் தண்ணீர் தேங்கும் என்பதை இங்கிருந்து ஒருவர் விரல்வைத்துச் சொல்லிவிடலாம். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து இத்தனை காலம் போய்வந்தும் இந்த நிலத்துக்குச் சாய்வு உண்டு என்பதே எனக்குத் தெரியாது. கணுக்காலுக்குத்தான் அது தெரிந்தது.

அங்கிருந்து சிங்கப்பெருமாள் கோவில் சில மணி நேர நடை. பாடலாத்ரி எனப்படும் குன்றைக் குடைந்து எடுத்த பல்லவர் காலக் குடைவரையில் நரசிம்மர். அர்ச்சகர் தீபாராதனையின்போது திருமண்காப்பை விலக்கி நெற்றிக்கண்ணைக் காட்டுகிறார். பௌர்ணமியில் இந்தக் குன்றைச் சுற்றிக் கிரிவலம் வருகிறவர்கள் உண்டு. அவர்களுக்கென்று பாதை இருக்கிறது. வேண்டுதலுக்கு நடப்பவருக்கு நம் ஊர் எப்போதும் வழி விட்டிருக்கிறது.

மற்றவருக்கு வழி விடுவதில் என்ன தடை? அயர்லாந்தில் அடுத்தவர் நிலத்தில் நடக்கப் பொதுவான சட்ட உரிமை கிடையாது. பெரும்பாலான நடைப்பாதைகள் நிலச் சொந்தக்காரரின் சம்மதத்தில்தான் ஓடுகின்றன. பாதையைப் பராமரிக்கும் விவசாயிக்கு அரசு பணம் தரும் திட்டமும் உண்டு. நமக்கு அந்தப் பேச்சுவார்த்தையே தேவையில்லை. ஏரிக்கரை, வாய்க்கால் கரை, வண்டிப்பாதை எல்லாம் ஏற்கெனவே புறம்போக்கு, அதாவது எல்லாருடையது. உரிமை நம்மிடம், கம்பம் அவர்களிடம் என்பதுதான் வித்தியாசம். பாதையில் கம்பம் நட்டு, மாதம் நாலு பேர் நடந்துகொண்டிருந்தால் அதன் குறுக்கே சுவர் எழும்புவது அத்தனை சுலபமாக நடக்காது. அப்படி ஒரு பாதை வந்தால் முதலில் பயன்படுவது என்னைப் போன்ற விடுமுறைக்காரனுக்கு இல்லை. இரவு ஷிப்ட் முடிந்து மூடியில்லாத கால்வாய் ஓரமாக அறைக்குத் திரும்புகிறவர்களுக்கு.

போக விரும்புகிறவர்கள் மார்கழி பாதியிலிருந்து மாசிக்குள் போகலாம். ஏரியில் நீர் இருக்கும், வெயில் தாங்கும். ஞாயிற்றுக்கிழமையானால் டிரெய்லர் குறைவு. காலை ஆறு மணிக்கு ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கினால் உச்சிக்கு முன் வல்லக்கோட்டையை அடைந்துவிடலாம். தண்ணீர், தொப்பி, கணுக்காலை மூடும் ஷூ அவசியம். கருவேல முள் ரப்பரைத் துளைக்கும். நெடுஞ்சாலையில் இருட்டிய பிறகு நடக்க வேண்டாம். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து சென்னைக் கடற்கரை வரை மின்சார ரயில் உண்டு. கிராம வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பாதை எங்கே சுவரில் முட்டுகிறதோ அந்தச் சர்வே எண்ணைக் குறித்துக்கொண்டு வாருங்கள். பத்துப் பேரின் குறிப்புகள் சேர்ந்தால் கிராமசபையில் மனுவாகக் கொடுக்கலாம்.